24 ஜிபி எங்கே போச்சு?

நான் பார்த்துக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வர் ஒன்று ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எதையும் எழுத மாட்டேன் என்று நின்றுவிட்டது. எதைச் சேமிக்கப் போனாலும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்', அதாவது டிஸ்கில் இடமில்லை என்ற ஒரே பதில். இந்த வரியைப் பார்த்ததும் கை தானாக அடிக்கிற கட்டளை, டிஸ்கில் எவ்வளவு இடம் மீதி என்று சொல்லும் டிஎஃப். பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் எச் எழுத்தும் போட்டால் கணக்கை ஜிபியில் சொல்லும். சொன்னது இதுதான்: மொத்தம் 40, பயன்பட்டது 38, மீதி 0.

சரி, எந்த ஃபோல்டர் இவ்வளவையும் தின்றது என்று பார்க்க டியூ என்ற கட்டளையை ஓடவிட்டேன். எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட் பயனராக, மேலிருந்து கீழ்வரை. கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, சாவகாசமாக 14 ஜிபி என்றது.

ஒரே டிஸ்க், இரண்டு கணக்கு. நடுவில் 24 ஜிபி அந்தரத்தில் நிற்கிறது. போதாததற்கு டிஎஃப் தந்த வரியே இடிக்கிறது. 40-இல் 38 போனால் 2 இருக்க வேண்டாமா? மீதி எப்படி 0?

இரண்டு கட்டளைகளுக்கும், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் வயது. பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸுக்கு 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே இரண்டும் உண்டு. டிஸ்க் ஃப்ரீ, டிஸ்க் யூசேஜ் என்பவற்றின் சுருக்கம்தான் பெயர்கள். அன்றிலிருந்தே இவை அவ்வப்போது முரண்படுகின்றன. இரண்டிலும் பிழை கிடையாது. இரண்டும் விசாரிக்கிற இடம்தான் வேறு.

ஒரு நெல் குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். டிஎஃப் உள்ளேயே போகாது. வாசலில் இருக்கும் கணக்குப்பிள்ளையிடம் 'மொத்தம் எத்தனை, காலி எத்தனை' என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடும். டிஸ்கில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். லினக்ஸில் பரவலாகப் புழங்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, டிஸ்கை வழக்கமாக 4096 பைட் கொண்ட பிளாக்குகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிட்: 1 என்றால் ஆள் இருக்கிறது, 0 என்றால் காலி. காலி எத்தனை என்ற கூட்டுத்தொகை எப்போதும் கையில் தயாராக இருக்கும். அதனால் டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் டிஎஃப் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிடுகிறது.

டியூ குடோனுக்குள் நுழைந்து மூட்டை மூட்டையாக எண்ணும் ஆள். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, ஒவ்வொரு கோப்பையும் பார்த்து 'உன்னிடம் எத்தனை பிளாக்' என்று கேட்டுக் கூட்டும். பத்து லட்சம் கோப்பு என்றால் பத்து லட்சம் கேள்வி. கோப்பின் நீளத்தை அது கேட்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு எழுத்தை ஒரு கோப்பில் எழுதிப் பாருங்கள். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை, நீளம் ஒன்றிரண்டு பைட் என்று சொல்லும். டியூ 4 கேபி என்று சொல்லும். லாட்ஜில் ஒருவர் தங்கினாலும் முழு அறைக்குத்தானே வாடகை. தலைகீழாகவும் நடக்கும். ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் கோப்பு 100 ஜிபி நீளம் என்று காட்டும். ஆனால் நடுவில் பெரும்பகுதி எழுதப்படாத வெற்றிடம் என்பதால் டியூ கணக்கில் அது 3 ஜிபியாகக்கூட இருக்கலாம்.

அது கிடக்கட்டும், 24 ஜிபிக்கு வருவோம். யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. ஃபோல்டர் என்பது பெயரையும் அதற்கு நேரே ஓர் எண்ணையும் எழுதி வைத்திருக்கும் பட்டியல், அவ்வளவுதான். அந்த எண் காட்டும் ஐநோடில்தான் கோப்பின் பிளாக்குகள் எங்கெங்கே கிடக்கின்றன என்ற விவரம் இருக்கும். கோப்பை நீக்கும் ஆர்எம் கட்டளை அழிப்பது பட்டியலில் உள்ள பெயரை. கடைசிப் பெயரும் போய், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் கையை விட்ட பிறகுதான் பிளாக்குகள் காலியாகும்.

அன்று மத்தியானம் ஒரு லாக் கோப்பு, அதாவது ஒரு நிரல் தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் கோப்பு, ஊதிப் பெருத்திருந்தது. இடம் போதவில்லையே என்று அதை அழித்த புத்திசாலி நான்தான். லாக் எழுதிக்கொண்டிருந்த நிரலுக்கு இது தெரியாது. அது பாட்டுக்குப் பெயரில்லாத கோப்பில் எழுதிக்கொண்டே இருந்தது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று, குடியிருப்பவர் உள்ளேதான் இருக்கிறார். பலகை பார்த்து எண்ணுகிற டியூவுக்கு அவர் கண்ணில் பட மாட்டார். பிளாக்கை எண்ணுகிற கணக்குப்பிள்ளைக்கு அறை காலியாகவில்லை.

இப்படி ஒளிந்திருப்பவரைப் பிடிக்க எல்எஸ்ஓஎஃப் என்றொரு கட்டளை உண்டு. அதோடு கூட்டல் குறி, பெரிய எல், 1 மூன்றையும் ஒட்டிக் கொடுத்தால், பெயர் ஒன்றுகூட இல்லாமல் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் காட்டும். ஒரே ஒரு பெரிய வரி வந்தது. கடைசியில் 'டெலீடட்' என்று போட்டிருந்தது. நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். டிஎஃப் சொன்னது: பயன்பட்டது 14, மீதி 24. அந்தக் கோப்பை அழிக்காமல் டிரன்கேட் கட்டளையால் நீளத்தை 0 ஆக்கியிருந்தால், பிளாக்குகள் அந்த நிமிடமே திரும்பியிருக்கும். தூங்கவும் போயிருக்கலாம்.

14-உம் 24-உம் 38 தானே, அந்த 2 ஜிபி? அது காணாமல் போகவில்லை. ஈஎக்ஸ்டி4 தானாகவே 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று எடுத்து வைக்கும். மற்றவர்கள் டிஸ்கை நிரப்பிவிட்டாலும் நிர்வாகி உள்ளே வந்து சுத்தம் செய்ய இடம் வேண்டும் அல்லவா? 40 ஜிபியில் அது 2, ஒரு டிபியில் (டெராபைட், ஆயிரம் ஜிபி) 50 ஜிபி. வெறும் படமும் வீடியோவும் போட்டு வைக்கும் டிஸ்கில் இவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்வேன். இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதியில் கை வைப்பதில்லை.

அப்புறம், ஒரு டிபி என்று வாங்கிய டிஸ்க் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், டிஎஃப்-உடன் போடும் சின்ன எச் எழுத்து 1024-ஆல் வகுக்கிறது. பெரிய எச் போட்டால் ஆயிரத்தால் வகுக்கும்.

மீதி தாராளமாக இருந்தும் அதே 'நோ ஸ்பேஸ்' வந்தால் டிஎஃப்-உடன் எச்-க்குப் பதில் ஐ போட்டுப் பாருங்கள். ஐநோட் கணக்கு வரும். ஈஎக்ஸ்டி4-இல் ஐநோட் எத்தனை என்பது ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று. 40 ஜிபிக்குச் சுமார் 26 லட்சம். துக்கடா கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துவிடும். அப்போது ஒரு பெரிய வீடியோவை அழித்துப் பயனில்லை, ஓர் ஐநோட்தான் கிடைக்கும். எந்த ஃபோல்டரில் பொடிக் கோப்புகள் குவிந்திருக்கின்றன என்று தேடிப் போக வேண்டும்.