கிரெடிட் கார்டு பாக்கிக்கு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால்

போன வருஷம் ஒரு மதியம் என் சித்தப்பா மகன் நாலாக மடித்த ஒரு காகிதக் கட்டோடு வீட்டுக்கு வந்தான். கோர்ட் அமீனா கொடுத்துவிட்டுப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. அதுவரை பிரித்துப் பார்க்கவில்லை. "கையெழுத்துப் போட்டு வாங்கினதுதான் தப்பாப் போச்சுண்ணே" என்றான். அவனுக்கு யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

அது தப்பே இல்லை. வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது. கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பினால் சார்வு ஆகிவிட்டதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆள் கிடைக்காவிட்டால் செய்தித்தாளில் விளம்பரம் போடவும் வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் வாங்கினாலும் செல்லும். வாங்க மறுப்பதால் உங்களுக்கு ஒரே ஒரு நஷ்டம்தான்: வங்கி என்ன கேட்கிறது, வாய்தா எந்தத் தேதி என்பது தெரியாமல் போகும்.

முதலில் அது எந்தக் காகிதம் என்று பாருங்கள். கார்டு பாக்கிக்காக வரும் எல்லாமே சம்மன் இல்லை. வக்கீலின் லெட்டர்ஹெட்டில் வந்தால் அது வக்கீல் நோட்டீஸ். லோக் அதாலத் என்று இருந்தால் அது சமரசத்துக்கான அழைப்பு. வழக்கு போடும் முன்பே வங்கிகள் இதை அனுப்பிவைக்கும். போகாவிட்டால் அங்கே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் போய் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் இன்னொரு ரகம். கோர்ட்டுக்கு வெளியே நடுவர் ஒருவர் முடிவு சொல்லும் முறை அது. இதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். நடுவர் தரும் முடிவையும் கோர்ட் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். அதை எதிர்க்க 3 மாதம்தான் அவகாசம். வங்கி தன்னிச்சையாக நடுவரை நியமித்திருந்தால் அந்த நியமனத்தை எழுத்தில் ஆட்சேபிக்கலாம். 2019-லிருந்தே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இதற்குச் சாதகமாக இருக்கின்றன.

நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலிருந்து (மாஜிஸ்திரேட் கோர்ட்), மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 என்று போட்டு வந்தால் விஷயம் வேறு. நீங்கள் கொடுத்த செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு அது. 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதமோ விதிக்க இடமுண்டு. வாய்தாவுக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரும். அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

என் தம்பி கொண்டுவந்தது சிவில் சம்மன். மேலே நீதிமன்றத்தின் பெயர், அதன் கீழே ஓ.எஸ். எண் (சிவில் வழக்கின் எண்), வாதி வங்கி, பிரதிவாதி இவன், ஆஜராக வேண்டிய தேதி, காலை பத்தரை மணி. கீழே கோர்ட் முத்திரை. பின்னால் வழக்குரையின், அதாவது வங்கி கோர்ட்டில் கொடுத்த மனுவின், நகல் பின் அடித்து இருந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் போலி சம்மன்களும் வருகின்றன. அதனால் இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ வழக்கு எண்ணையோ ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ போட்டுப் பார்த்துவிடுங்கள். உண்மையான வழக்கென்றால் அடுத்த வாய்தா வரை அதில் இருக்கும்.

கார்டு பாக்கி மட்டும் இருந்தால் அது சிவில் கடன். அதற்காக போலீஸ் வந்து பிடித்துப் போகாது. கலெக்‌ஷன் ஆட்கள் போனில் மிரட்டுவதை வைத்துத் தூக்கம் கெட வேண்டாம். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது.

நாள் கணக்குதான் எல்லாம்

சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குரைக்கு உங்கள் எழுத்துப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் சொன்னால் 90 நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஆனால் சம்மனில் 'ஆணை 37' என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது சுருக்க விசாரணை. அதில் 10 நாளுக்குள் ஆஜராகிவிட வேண்டும். பிறகு வங்கி தரப்பிலிருந்து இன்னொரு சம்மன் வரும். அதிலிருந்து 10 நாளுக்குள், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு மனு போட வேண்டும். இதைத் தவறவிட்டால் வங்கி கேட்டபடியே தீர்ப்பாகிவிடும்.

சாதாரண வழக்கில் வராமல் இருந்தால் 'எக்ஸ் பார்ட்டி', அதாவது ஒருதரப்புத் தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்கலாம், தீர்ப்பிலிருந்து 30 நாளுக்குள். சம்மனே முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு 'தெரியாது' என்று சொல்ல முடியாது.

எதிருரையில் "எல்லாவற்றையும் மறுக்கிறேன்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். வழக்குரையில் பத்து பத்தி இருந்தால் பத்துக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எதை மறுப்பது? அன்று நானும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் ஸ்டேட்மென்ட்டுகளைப் பரப்பிவைத்து, பச்சை மையில் அவன் வாங்கிய பொருளையும் சிவப்பு மையில் மற்றதையும் குறித்தோம். வழக்கில் கேட்டது 1,94,000. பச்சையைக் கூட்டினால் 68,000. மீதி வட்டி, தாமதக் கட்டணம், ஜி.எஸ்.டி. அவன் கட்டியிருந்த இரண்டு தவணை வரவிலேயே இல்லை. அவனுடைய பாஸ்புக்கில் அந்த வரிகள் இருந்தன. அதுதான் எதிருரைக்குச் சரக்கு. கட்டாத கட்டணம், வரி மேல் வட்டி ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஒரு வாதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. பழைய யூடியூப் வீடியோக்களில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

காலாவதியையும் பாருங்கள். இப்படிப்பட்ட பண வழக்குக்கு 3 ஆண்டுதான் காலவரம்பு. அந்த 3 ஆண்டுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். முறையான எழுத்து ஆதாரத்தோடு பகுதிப் பணம் கட்டியிருந்தாலும் அப்படியே. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதிலேயே வாதம் வரும். அதை வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100-க்கும் போன் செய்யலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகி எதிருரை கொடுக்கவும் உரிமை இருக்கிறது.

கடன் உண்மை, கட்ட வழியில்லை என்றால்

அப்போதும் கோர்ட்டுக்குப் போங்கள். வீட்டு நிலைமையைச் சொல்லி, தவணையில் கட்ட உத்தரவு கேளுங்கள். தீர்ப்பு வருவதற்கு முன் கேட்டால் நீதிமன்றமே அனுமதிக்கலாம். தீர்ப்பு ஆன பிறகு வங்கியின் சம்மதம் வேண்டியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவாவது முதல் வாய்தாவை விட்டுவிடாதீர்கள்.

தீர்ப்புக்குப் பிறகு சம்பளத்தை ஜப்தி செய்தாலும் மொத்தமாக எடுக்க முடியாது. முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கு. 25,000 சம்பளம் என்றால் அதிகபட்சம் 8,000 பிடிப்பார்கள். ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அதற்கு மேல் சம்பளத்தில் கை வைக்க முடியாது. பி.எஃப். பணம், உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவி இவற்றையும் தொட முடியாது. வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரை சிவில் சிறைக்கு அனுப்ப சட்டத்தில் இடமுண்டு; வெறும் ஏழ்மைக்காக அனுப்ப முடியாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

தம்பிக்கு வாய்தாவுக்கு முந்தின நாள் ஒரு போன் வந்தது. "கோர்ட்டுக்கெல்லாம் வர வேணாம் சார், இருபதாயிரம் கட்டுங்க, கேஸை நாங்க பாத்துக்கிறோம்." அவன் கட்டவில்லை, நேரே கோர்ட்டுக்குப் போனான். செட்டில்மென்ட் பேசுவதில் தவறில்லை. ஆனால் மொத்தத் தொகை, கடைசித் தேதி, இதோடு கணக்கு முடிகிறது என்ற வாசகம், மூன்றும் உள்ள கடிதம் வங்கியின் பெயரில் கைக்கு வர வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கில் கட்டுங்கள், ஆளிடம் கொடுக்க வேண்டாம். இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனு கோர்ட்டில் பதிவாகும் வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்க்கொண்டே இருங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு வெளியில் கட்டினால், 30 நாளுக்குள் அதை நீதிமன்றத்தில் பதிவு செய்யக் கேட்டு மனு போட்டுவிடுங்கள். பதிவாகாத பணத்தை நிறைவேற்று மனுவில், அதாவது தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு வங்கி போடும் மனுவில், கோர்ட் கணக்கில் எடுக்காது. அந்த மனுவைப் போட வங்கிக்கு 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது.