சிப் ஆலைக்கு அரசு தரும் பாதிப் பணம்: நமக்கு என்ன வரும்?

"குஜராத் தோலேராவுல கட்டுற சிப் ஆலையில மாசத்துக்கு 50,000னு போட்டிருக்காங்களே அக்கா, அவ்ளோதானா சிப்பு?" என்று கேட்டாள் வியாசர்பாடியில் எங்கள் எதிர்வீட்டுப் பெண். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அது சிப் கணக்கு இல்லை, வேஃபர் கணக்கு. வேஃபர் என்றால் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான சிலிக்கான் தகடு. வெற்றிலை பாக்கு வைக்கும் தாம்பாளம் அளவு இருக்கும். 5 மில்லிமீட்டர் சதுரமாக அறுத்தால் ஒரு தகட்டில் சுமார் 2,600 சிப். 2 சென்டிமீட்டர் சதுரமுள்ள பெரிய பிராசசர் என்றால் 140 தேறும், அதிலும் பழுதானவை கழியும். அசாம் ஜாகிரோடில் நாளுக்கு 4.8 கோடி சிப் என்று சொல்வது, அறுத்த சிப்புக்குக் கூடு கட்டிச் சோதிக்கும் வேலை. இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

சரி, திட்டத்துக்கு வருவோம். 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிப் ஆலை கட்டும் செலவில் பாதியை அரசு தரும். நிறுவனம் தன் பங்கைப் போடப் போடத்தான் அதுவும் வரும். சிப்பில் உள்ள சுற்று எவ்வளவு நுணுக்கமானது என்பதை நானோமீட்டரில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய நுணுக்கம் கூடும். முதலில் 28 நானோமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ள நுண்ணிய சிப்புக்கு மட்டுமே முழுப் பாதி. 2022 செப்டம்பரில் எல்லா அளவுக்கும் பாதி என்று மாற்றினார்கள். என் பார்வையில் இந்த மாற்றம்தான் முக்கியம். ஏனென்றால் டாடாவும் தைவானின் பவர்சிப்பும் 91,000 கோடியில் கட்டும் தோலேரா ஆலை 28 முதல் 110 நானோமீட்டர் வரைக்கானது. போனின் மெயின் பிராசசர் அங்கே வராது. மூலக்கடை சர்வீஸ் கடையில் போர்டைத் திறந்தால் சார்ஜிங் சாக்கெட் பக்கத்தில் கறுப்பாக, அரிசி அளவில் உட்கார்ந்திருக்கிறதே, மின்சாரத்தைக் கவனித்துக்கொள்ளும் பவர் ஐசி, அந்த மாதிரி வகைகள் வரலாம்.

இந்தப் பணம் நம் வீட்டுக்கு வராது. நம் பிள்ளைகளுக்கு உரியது வேறு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கட்டணத்தை அரசே கட்டும். அப்புறம் புதுமைப் பெண்ணில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வனில் அதே தொகை. ஐடிஐ, டிப்ளமோவுக்கும் உண்டு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இசிஇ, அதாவது மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல் படிக்க ஆசை. நடுவில் பள்ளி மாறியிருக்கிறாள். அதனால் அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்ட, இரண்டு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க நாளைக்கே கிளம்பச் சொல்லியிருக்கிறேன்.