வேப்: புகையா, ஆவியா, பனியா?

வேப் – பெயர்ச்சொல்: பேட்டரியால் சூடேறும் கம்பிச்சுருளில் நிக்கோட்டின் திரவத்தைப் படவைத்து, எழும் மூட்டத்தை வாயால் இழுக்கும் கருவி. வினைச்சொல்: அந்தக் கருவியை இழுத்தல். பேச்சு வழக்கில் வேப்பு, வேப் பென், பாட். தமிழில் ஆவிக்குழல், ஆவியிழுத்தல்.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் இதைத் தமிழாக்கியவர்கள் பெரும்பாலும் புகையிலேயே போய் விழுந்திருக்கிறார்கள்: மின்புகை, மின்னணுப் புகைப்பான், இலத்திரனியல் வெண்சுருட்டு. சிகரெட்டை விடுவதற்காக இதற்கு மாறுகிறவருக்கு அந்தப் பெயர்களே முதல் தடுக்கல். சிகரெட்டை இழுப்பதுபோல் இதை இழுத்தால் இது வேலை செய்யாது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் கதை. இலத்தீனில் ‘வேப்பர்’ என்றால் ஆவி. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அண்மைக்காலத்தில் வால் நறுக்கப்பட்டு ‘வேப்’ ஆனது. கருவி கடைக்கு வருவதற்கு முன்பே சொல் வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1983இல் பிரிட்டனின் ‘நியூ சொசைட்டி’ இதழில் ராப் ஸ்டெப்னி என்பவர் எழுதிய கட்டுரையில், எரியாமல் நிக்கோட்டின் ஆவி தரும் ஒரு கருவி வந்தால் அந்தப் பழக்கத்துக்கு ‘வேப்பிங்’ என்று பெயர் இருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அதற்கும் 20 ஆண்டுகள் முன்னால், 1963இல், அமெரிக்கர் ஹெர்பர்ட் கில்பர்ட் புகையில்லாச் சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். அதைத் தயாரிக்க ஆள் கிடைக்கவில்லை. இன்றைய கருவிக்கு வழிபோட்டவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக், 2003இல். சொல் ஊரெங்கும் பரவி, 2014இல் ஆக்ஸ்போர்டு அகராதியினர் அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தார்கள்.

சொல் பரவியதே தவிர, பொருள் சரியில்லை. குழலிலிருந்து வருவது அறிவியல் கணக்கில் ஆவி அல்ல. புரொப்பிலீன் கிளைக்கால், காய்கறிக் கிளிசரின் என்ற இரண்டு திரவங்கள்தான் அடிப்படை. அவை சுருளில் பட்டு ஆவியாகி, உடனே காற்றில் குளிர்ந்து, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்துளிகளாக மாறுகின்றன. மார்கழிப் பனிமூட்டம் எப்படியோ அப்படி. ‘வெறும் நீராவிதானே’ என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மூட்டத்தில் நீர் சொற்பம்; நிக்கோட்டினும் வாசனைச் சேர்மங்களும் அந்தத் துளிகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

புகை என்பது அதைவிடப் பெரிய பிழை. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்கிற மொழி நம்முடையது. சிகரெட்டின் நுனி, இழுக்கும் நொடியில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசைத் தொடும். இலை எரிவதால்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கின்றன. ஆவிக்குழலில் எரிய இலையே இல்லை. சுருளின் சூடும் அதில் சிறு பங்குதான். நிக்கோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், தாரால் சாகிறார்கள் என்ற பொருளில் மைக்கேல் ரசல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1976இலேயே எழுதினார். மாறுவதன் தர்க்கம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். இரண்டையும் ‘புகை’ என்ற ஒரே சொல்லில் கட்டினால், எதை விட்டு எதற்கு மாறுகிறோம் என்பதே மறைந்துபோகும்.

பெயர் பொருந்தாமல் ஒட்டிக்கொள்வது தமிழுக்குப் புதிதல்ல. புகையிலை என்கிறோம், வெற்றிலையோடு அதை மெல்லுகிறவர் வாயில் புகை ஏது? சுருட்டு மட்டும் சுத்தமான பெயர்: இலையைச் சுருட்டினால் சுருட்டு. அது 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய் ‘செரூட்’ ஆனது. அந்த வழியில் சிகரெட்டுக்கு வெண்சுருட்டு என்று வைத்தது நன்றாகவே அமைந்தது. ஆனால் ‘இலத்திரனியல் வெண்சுருட்டு’ என்னும்போது வெள்ளைத் தாளும் இல்லை, சுருட்டிய இலையும் இல்லை. உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருப்பதால் தற்செயலாகப் பாதி பொருந்துகிறது, அவ்வளவுதான்.

தெருவில் புழங்கும் சொல்லோ எல்லாவற்றையும்விடத் துல்லியம்: தம். பாரசீகத்தில் ‘தம்’ என்றால் மூச்சு. ஆவியை உள்ளேயே அடைத்து வேகவைக்கும் தம் பிரியாணியும், டீக்கடை ஓரத்துத் தம்மும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதில் எரிதலும் இல்லை, புகையும் இல்லை. உள்ளே இழுக்கும் மூச்சு மட்டும்தான். ‘வேப் அடிக்கிறான்’ என்ற பேச்சு ‘தம் அடிக்கிறான்’ என்ற அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் நல்ல தமிழ் எது? ‘ஆவி பிடித்தல்’ என்று சொல்ல முடியாது. அது சளிக்கு நொச்சி போட்டுப் போர்வைக்குள் உட்காருவது. அந்தச் சொல்லை நிக்கோட்டினுக்குக் கொடுத்தால் மருந்தின் நற்பெயர் ஓசியில் போய்விடும். ‘ஆவியாக்கி’ குளிர்பதனப் பெட்டிக்காரர்கள் கையில் இருக்கிறது. ‘உறிஞ்சி’ இளநீர்க் குழலை நினைவூட்டும். பீடிக்கும் சிகரெட்டுக்கும் பழகிய ‘இழு’ என்ற வினையோடு ஆவியைச் சேர்த்து, செயலுக்கு ஆவியிழுத்தல், கருவிக்கு ஆவிக்குழல் என்பது எங்கள் தேர்வு. நுண்துளி என்பதால் ‘பனிக்குழல்’ இன்னும் சரிதான். ஆனால் யாரும் சொல்லப்போவதில்லை. ஆங்கிலமே ஆவியென்று பிழையாகச் சொல்லிப் பழகிவிட்ட பிறகு, அந்த அளவு பிழையைத் தமிழும் பொறுத்துக்கொள்ளலாம்.

‘இழு’ என்ற வினையை வற்புறுத்தக் காரணம் உண்டு. மாறுவதில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இழுப்பில்தான். இந்த மாற்றத்தை அரசே ஆதரிக்கும் இடம் இங்கிலாந்து. 2023 ஏப்ரலில் 10 லட்சம் புகைப்பாளர்களுக்கு ஆவிக்குழல் தொடக்கப் பெட்டி தரும் திட்டத்தை அறிவித்தார்கள். அங்குள்ள விதிகளை வைத்தே சொல்கிறோம்: திரவத்தில் நிக்கோட்டின் மி.லி.க்கு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது, தொட்டி 2 மி.லி., நிரப்பும் புட்டி 10 மி.லி. திரவம் தீர்ந்ததும் தூக்கிப்போடும் வகையை விற்க 2025 ஜூன் 1 முதல் தடை.

சிகரெட்டை வெடுக்கென்று ஒன்றரை நொடி இழுப்பார்கள். குழலை அப்படி இழுத்தால் சுருள் சூடேறுவதற்குள் இழுப்பு முடிந்துவிடும். திரவம் ஆவியாகாமல் வாய்க்குள் தெறிக்கும். 3, 4 நொடி மெதுவாக வாயில் தேக்கி, பிறகு மூச்சோடு உள்ளே விட வேண்டும். புதியவருக்கு ஏற்றது 1 ஓமுக்கு மேல் மின்தடையுள்ள சுருளும் இறுக்கமான காற்றுத்துளையும். அரை ஓமுக்குக் கீழான சுருள், நேரே நெஞ்சுக்கு இழுத்துப் பெரிய மேகம் விடுகிறவர்களுக்கானது. அதில் 20 மி.கி. திரவத்தை ஊற்றினால் தலைசுற்றலும் குமட்டலும் உறுதி.

திரவத்தில் கிளைக்காலும் கிளிசரினும் சரிபாதியாக இருந்தால் சிறு பாட் கருவிக்கு ஒத்துவரும். கிளிசரின் 70 சதவீதம் என்றால் குழகுழப்பு கூடி, சிறு சுருளின் பஞ்சுக்குள் நேரத்துக்கு ஊறாது. புதுச் சுருள் போட்டால் திரவம் ஊற்றி 5 முதல் 10 நிமிடம் சும்மா வைக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் காய்ந்த பஞ்சு கருகும். அந்தத் தீய்ந்த சுவை பிறகு எதைச் செய்தாலும் போகாது, சுருளை மாற்றத்தான் வேண்டும். மூச்சுவிடாமல் தொடர்ந்து இழுத்தாலும் இதே கதி. இனிப்பூட்டிய திரவங்கள் சுருளில் கருப்பாகப் படிந்து அதன் ஆயுளைக் குறைக்கும். ஒரு சுருள் ஒன்று முதல் இரண்டு வாரம் வந்தால் நியாயம்.

தோற்பவர்கள் பெரும்பாலும் வீரியத்தைக் குறைத்துத் தொடங்குகிறவர்கள். நாளைக்கு 20 சிகரெட் இழுத்தவர் ‘உடம்புக்கு நல்லது’ என்று 3 மி.கி. வாங்கினால், மாலைக்குள் பெட்டிக்கடையில் நிற்பார். அவருக்கு 18 அல்லது 20 மி.கி.யில் தொடங்குவதே வழக்கம். நாளைக்கு 10 இழுக்கும் பேர்வழிக்கு 12 மி.கி. போதும். தொண்டை எரிந்தால் நிக் சால்ட் எனப்படும் உப்பு வடிவ நிக்கோட்டினுக்கு மாறலாம். பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்திருப்பதால், அதே வீரியத்திலும் கரகரப்பு குறையும். லேபிளில் சதவீதம் போட்டிருந்தால் பத்தால் பெருக்குங்கள்: 2 சதவீதம் என்றால் 20 மி.கி.; கள்ளச்சந்தையில் காணும் 5 சதவீதம் என்றால் 50 மி.கி. 20 மி.கி. வீரியமுள்ள 10 மி.லி. புட்டியில் மொத்தம் 200 மி.கி. நிக்கோட்டின் இருக்கிறது. குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து; பழ வாசனை வேறு. பூட்டி வைப்பது கட்டாயம்.

அடுத்த தோல்வி, இரண்டையும் வைத்துக்கொள்வது: வீட்டில் குழல், வெளியே சிகரெட். ‘20இலிருந்து 5க்கு இறங்கிவிட்டேன்’ என்பது பெரிய சாதனைபோலத் தோன்றும். ஆனால் இதயநோய் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் இழுப்பவருக்கே, 20 இழுப்பவரின் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த பகுப்பாய்வு காட்டியது. குறைத்ததற்குப் பலன் முழுதாக விட்டபிறகுதான்.

பலரும் அறியாத ஒன்று: காபி. புகையிலுள்ள சில சேர்மங்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டி, காபீனை வேகமாகக் கரைத்துவிடும். தூண்டுவது நிக்கோட்டின் அல்ல, புகை. ஆகவே குழலுக்கு மாறினாலும் அந்தத் தூண்டல் நின்றுபோகும். பழைய அளவில் காபி குடித்தால் படபடப்பு, தூக்கமின்மை. அதை நிக்கோட்டின் ஏக்கம் என்று நினைத்து மறுபடி சிகரெட்டைப் பற்றவைக்கிறவர்கள் உண்டு. காபியைப் பாதியாக்கினால் போதும். குளோசபின், ஒலான்சபின், தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது வெறும் படபடப்போடு நிற்காது. இரத்தத்தில் மருந்தளவு ஏறி நஞ்சாகலாம். சிகரெட்டை நிறுத்தும் நாளை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பலன் எவ்வளவு? 2019இல் வெளியான இங்கிலாந்துச் சோதனையில் 886 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு ஆவிக்குழலும் மற்றவர்க்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, நிக்கோட்டின் சுவிங்கம் போன்றவையும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் சிகரெட் இல்லாமல் இருந்தோர் 18 சதவீதமும் 9.9 சதவீதமும். இருமடங்கு, சரி. ஆனால் அதே தாளில் இன்னொரு எண்: குழலால் வென்றவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் குழலை விடவில்லை; மற்ற சாராரில் வென்றவர்களில் தங்கள் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம். சிகரெட் போனது, நிக்கோட்டின் போகவில்லை. உலக நலவாழ்வு அமைப்பு இதைப் பரிந்துரைக்காததற்கும், இளையோரிடம் பரவுவதைக் காட்டிப் பல நாடுகள் தடுப்பதற்கும் நியாயம் இருக்கிறது. புகைக்காதவர் தொட இதில் ஒரு காரணமும் இல்லை. வீரியத்தை 20, 12, 6, 3 என்று இறக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இறக்கியதும் உடம்பு அடிக்கடி இழுத்து ஈடுகட்டிவிடும். ஆகவே எண்ணைக் குறைப்பதோடு, இழுப்புகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்ட வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பாதையே இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்துவைத்தல் எல்லாம் குற்றம். சேமித்துவைத்தல் தவிர மற்றவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே கடத்தலில் வரும் குழலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அமெரிக்காவில் 2019–20இல் ஏறத்தாழ 2,800 பேரை மருத்துவமனைக்கு அனுப்பி 68 பேரைக் கொன்ற நுரையீரல் பாதிப்பு, பெரும்பாலும் கள்ளத்தனமாக விற்ற கஞ்சாத் திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டால் வந்தது.

இந்தியாவில் சட்டப்படி கிடைப்பவை பட்டையும் மாத்திரையும் நிக்கோட்டின் சுவிங்கமும், 2 மி.கி. சுவிங்கத்துக்கு மருந்துச் சீட்டும் வேண்டாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனையும் உண்டு. அங்கும் பெயர்தான் கெடுக்கிறது. சுவிங்கம் என்றதும் மென்று தள்ளுகிறார்கள். நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும் வர, ‘இது எனக்கு ஒத்துக்கலை’ என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குத் தமிழில் சரியான வினை, புகையிலை போடுபவர்களிடமே இருக்கிறது: அதக்குதல். சுள்ளென்று காரம் தெரியும்வரை மெதுவாக நாலைந்து கடி. பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே கொடுப்பில் அதக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, மறுபக்கத்தில் அதக்கல். இப்படி அரை மணி நேரம். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காபியோ எலுமிச்சைச் சாறோ கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் கன்னத்தின் வழியே ஏறாது.