சொல் விளக்கம்: டிராஃப்ட் என்பது முறைத்தெரிவு

‘வரைவில் வேகமான பரந்த பெறுநரை எடுக்கலாமா?’ ஏப்ரல் பிறந்தால் இந்த மாதிரித் தலைப்புகள் தமிழில் வரத் தொடங்கிவிடுகின்றன. ‘வரைவு’ என்று எழுதுவது டிராஃப்டை; ‘பரந்த பெறுநர்’ என்பது வைட் ரிசீவரை, அதாவது வீசும் பந்தைப் பிடிக்கிறவரை. அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவருக்கு இதில் எதுவும் புரியாது. பார்க்கிறவரோ மனசுக்குள் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்த்தான் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் உதவாத தமிழ் எதற்கு? போன வாரமும் ஒரு கட்டுரையில் ‘அவர் முதல் சுற்றில் வரையப்பட்டார்’ என்று படித்தேன். ஓவியமா வரைந்தார்கள்? இதைப் பேசாமல் விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் டிராஃப்ட் என்பதன் பொருளைப் பார்ப்போம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அமைப்பான என்எஃப்எல்லில் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் இளைஞர்களை இந்த அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை, ஏழு சுற்றுகளில், ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் முறை வரும்போது ஒவ்வொருவராகத் தெரிவுசெய்கின்றன. போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் முறை. கோப்பை வென்ற அணிக்குக் கடைசி முறை. ஒரு அணி தெரிவுசெய்த ஆட்டக்காரரிடம் வேறு அணி பேச முடியாது. 1935இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் சொன்ன யோசனை இது. பணக்கார அணிகளே நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போனால் மற்ற அணிகள் அழிந்துவிடும் என்பது அவர் வாதம். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் முதல் தெரிவு நடந்தது: ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள். முதல் ஆளாகத் தெரிவுசெய்யப்பட்ட ஜே பெர்வேங்கர் கடைசிவரை அந்த அமைப்பில் ஆடவே இல்லை என்பது தனிக்கதை.

சொல்லின் வேர் எளிது. இழுப்பது என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. வண்டி இழுக்கும் மாடு, கோடு இழுத்து வரையும் படம், எழுதிப் பார்க்கும் முதல் படி, பணம் எடுக்கும் ஓலை எல்லாமே அந்த இழுப்பின் கிளைகள். பெரிய படையிலிருந்து ஒரு சிலரை மட்டும் பிரித்து இழுத்து வேறு வேலைக்கு அனுப்புவதற்கும் அதே சொல் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல், கட்டாய ஆள்சேர்ப்புக்கு அது நிலைத்தது. அதை எதிர்த்து நியூயார்க்கில் கலவரமே நடந்தது. விளையாட்டுக்கு வந்தது இந்தக் கிளைதான். எழுத்து, ஓவியம் சார்ந்த கிளைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

‘வரைவு’ என்பது அந்த எழுத்துக் கிளைக்கான தமிழ். வரைவு மசோதா, வரைவு வாக்காளர் பட்டியல், வங்கியில் வரைவோலை எல்லாம் நல்ல சொற்கள்; புழக்கத்தில் ஊறியவை. இன்னும் முடிவாகாதது, திருத்தத்துக்கு உரியது என்பதுதான் இன்றைக்கு ‘வரைவு’ என்றதும் தோன்றும் பொருள். ஆட்டக்காரரைத் தெரிவுசெய்துவிட்டால் அதில் திருத்தம் கிடையாது, முடிந்தது முடிந்ததுதான். ஒரு சொல்லை அதன் நேர் எதிர்ப்பொருளில் போட்டுவிட்டு, படிப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார் என்று விடுவது சோம்பல். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். இரண்டாவது பொருளுக்குக் கண் போவதில்லை. குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1967இல் ‘வரைவை மறுத்தார்’ என்று எழுதுவதும் இதே நோய். அவர் மறுத்தது கட்டாயப் படைச்சேர்ப்பை. அதை மறைத்துவிட்டால் அந்த மனிதர் பட்டத்தை ஏன் இழந்தார் என்பதே படிப்பவருக்குத் தெரியாது.

வரைவுக்கு ஒரு கெட்டிக்கார வக்காலத்தும் உண்டு. தமிழ் படித்தவர்கள் சொல்வது. ‘வரைதல் என்றால் பழந்தமிழில் தனக்கென்று வரம்பு கட்டிக்கொள்ளுதல், மணந்துகொள்ளுதல். தலைவியை வரைந்துகொள் என்று தோழி தலைவனைத் தூண்டுவது வரைவு கடாதல். வரைவின் மகளிர் என்று குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது. ஒருவரை இன்னாருக்கு உரியவர் என்று வரையறுப்பதுதானே டிராஃப்ட்? அப்போது வரைவு பொருந்துகிறதே!’ என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அழகு பிறகு கண்டுபிடித்தது. ‘வரையப்பட்டார்’ என்று எழுதியவர் தோழியை நினைத்து எழுதவில்லை. வங்கி ஓலையை நினைத்துக்கூட எழுதவில்லை. பிழையாக வந்த சொல்லுக்குப் பின்னால் போய்ப் பழைய இலக்கியத்தில் சான்று தேடித் தருவது அந்த இலக்கியத்துக்கும் மரியாதை இல்லை. அதோடு, இன்று வரைவு என்றால் மணம் என்று யாருக்குத் தோன்றுகிறது? உரை இல்லாமல் புரியாத பொருளை விளையாட்டுச் செய்தியில் வைத்தால், செய்திக்கும் உரையாசிரியர் வேண்டும். சரி, பொருள் தோன்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அகத்திணையில் வரைவு ஒருவன் ஒருத்தியை நாடிச் செய்வது. இங்கே 32 பேர் வரிசையில் நிற்கிறார்கள்; முன்னால் நிற்பவன் எடுத்தது போக மிச்சத்தில்தான் பின்னால் நிற்பவனுக்கு. இந்த ஆட்டத்தின் உயிரே அந்த வரிசை. வரைவில் வரிசை எங்கே?

அடுத்தது ‘ஏலம்’. ஐபிஎல் வந்த பிறகு எல்லா ஆள்பிடிப்புக்கும் ஏலம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது வரைவைவிடக் கெட்டது, ஏனென்றால் இது புரிகிறது, தப்பாகப் புரிகிறது. ஏலத்தில் கையில் பணம் உள்ளவர் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். டிராஃப்டில் பணத்துக்கு வேலையே இல்லை. எந்த எண்ணில் தெரிவுசெய்யப்படுகிறாரோ அதற்கேற்ற சம்பளம், அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்திலிருந்து கிட்டத்தட்ட முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. பணக்காரரின் கையைக் கட்டுவதற்காகவே கொண்டுவந்த ஒன்றை ஏலம் என்பது, அது எதை எதிர்த்துப் பிறந்ததோ அந்தப் பெயரையே அதற்குச் சூட்டுவது.

ஐபிஎல்லிலேயே இந்த வேறுபாடு உண்டு. 2008இல் பெரிய வீரர்களுக்கு ஏலம் நடந்தது. 19 வயதுக்கு உட்பட்டோருக்குத் தனியாக முறைவைத்துத் தெரிவுசெய்தார்கள். அதில்தான் டெல்லி, தன் ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டுப் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். டெல்லியிடம் பணம் இல்லாமல் இல்லை. தன் முறையை வேறு ஆளுக்குச் செலவழித்தது, அவ்வளவுதான். 2015 டிசம்பரிலும் அப்படியே. சென்னைக்குத் தடை இருந்த நேரம். புனே முதல் முறையில் தோனியை எடுத்தது, ராஜ்கோட் அடுத்த முறையில் ரெய்னாவை எடுத்தது. அன்று யாரும் கை தூக்கி விலை கேட்கவில்லை. இதையும் ‘தோனி ஏலம் போனார்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

‘குடவோலை’ என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் பெருமையில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் குடத்தில் ஓலையிட்டு எடுப்பது குலுக்கல். எடுக்கும் கைக்குத் தெரிவு கிடையாது. கூடைப்பந்தில், என்பிஏவில், முதல் சில முறைகள் யாருக்கு என்பதற்கு மட்டும் பந்து போட்டுக் குலுக்குகிறார்களே, அதற்குக் குடவோலை நன்றாகப் பொருந்தும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு ஆசை இருந்தது ‘உத்தி பிரித்தல்’ மீது. கிராமத்தில் ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது ஏறக்குறைய சமபலமுள்ள இருவர் தோள்மேல் கைபோட்டு ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ‘சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?’ என்று தலைவர்கள் இருவரிடமும் கேட்பார்கள். ஒரு தலைவன் ஒன்றைக் கேட்க, மற்றது மற்றவனுக்கு. அடுத்த இணை வந்தால் கேட்கும் முறை மாறும். இரண்டு பக்கமும் சமமாக வேண்டும் என்ற நோக்கம் பெர்ட் பெல் நினைத்ததேதான். ஆனாலும் கைவிட வேண்டியதாயிற்று. உத்தி என்றால் இன்று ஆட்டத் தந்திரம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். தவிர, உத்தியில் தலைவனுக்கு யார் எந்தப் பெயர் என்று தெரியாது. டிராஃப்டில் ஆட்டக்காரரின் உயரம், எடை, உள்ளங்கை அளவு வரை தெரிந்துதான் எடுக்கிறார்கள்.

என் முடிவு ‘முறைத்தெரிவு’. முறை என்பது இங்கே ‘உன் முறை, என் முறை’ என்பதில் வரும் முறை. கால்வாய்க் கடைமடைக்காரர்களுக்கு முறைப்பாசனம் தெரியும். இன்ன நாள் இன்ன மடைக்குத் தண்ணீர். அதே முறைதான் இதுவும். தெரிவு இலங்கைத் தமிழில் நாள்தோறும் புழங்கும் சொல். இங்கும் யாருக்கும் புரியாமல் போகாது. முறை என்றால் ஒழுங்கு, வழிமுறை என்றும் பொருள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ‘முறைப்படி தெரிதல்’ என்று யாராவது எடுத்துக்கொண்டாலும் பொருள் பாதி வந்துவிடுகிறது. ஏலம் மாதிரி எதிர்த்திசையில் இழுத்துப் போகாது. இன்னொரு வசதியும் இருக்கிறது. அணிகள் தங்கள் முறைகளையே மாற்றிக்கொள்கின்றன. ‘32ஆவது முறையைக் கொடுத்து 28ஆவது முறையை வாங்கியது’ என்று அப்படியே எழுதலாம். ‘வரைவுத் தேர்வை வர்த்தகம் செய்தது’ என்று திணற வேண்டாம். இதுவும் பிடிக்காதவர்கள் டிராஃப்ட் என்றே எழுதட்டும். தப்பான தமிழைவிடத் தெரிந்த ஆங்கிலம் மேல். தூய்மைக்காகப் பொருளை விற்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சொல் சரியானால் வாதமும் சரியாகும். வேகமான ஆளை எடுக்கலாமா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏலம் என்று நினைப்பவர் ‘அவ்வளவு விலை கொடுக்கலாமா’ என்று கேட்பார். முறைத்தெரிவு என்று நினைப்பவர் ‘இந்த முறையை இவருக்குச் செலவழித்தால் யாரை இழக்கிறோம்’ என்று கேட்பார். உண்மையான கேள்வி அதுதான்.

2017இல் ஜான் ராஸ் என்ற வைட் ரிசீவர், டிராஃப்டுக்கு முன் நடக்கும் ஓட்டச் சோதனையில் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடினார். சின்சினாட்டி ஒன்பதாவது முறையில் அவரை எடுத்தது. முதல் ஆண்டில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு கூப்பர் கப் ஓடியது 4.62. ராம்ஸ் அணி 69ஆவது முறைவரை காத்திருந்து அவரை எடுத்தது. 2021 பருவத்தில் அவர் 145 பந்துகளைப் பிடித்து 1,947 கெஜம் எடுத்தார். அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் ஆட்டநாயகனும் அவரே. 2009இல் ஓக்லண்ட் ரைடர்ஸ், 4.30இல் ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பேயை ஏழாவது முறையில் எடுத்து, பத்தாவதில் போன மைக்கேல் கிராப்ட்ரீயை விட்டதும் இதே வகை.

அதற்காக வேகம் வீண் என்று சொல்ல மாட்டேன். 1964 டோக்கியோவில் 100 மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ், டல்லஸ் அணிக்கு ஏழாவது சுற்றில் கிடைத்தவர். அவரைத் தனியாளாகத் துரத்திக் காப்பது நடக்காத காரியம் என்பதால் எதிரணிகள் பகுதி பகுதியாகப் பிரித்துக் காவல் காக்க வேண்டிவந்தது. 2024இல் சேவியர் வர்த்தி 4.21இல் ஓடி ராஸின் சாதனையை முறியடித்தார்; எடை 75 கிலோதான். கன்சாஸ் சிட்டி, பஃபலோவோடு முறை மாற்றி 28இல் அவரை எடுத்தது. பஃபலோ இன்னும் கீழே இறங்கி, 33ஆவது முறையில், 4.61 ஓடிய பெரிய உடம்புக்காரர் கியான் கோல்மனை எடுத்தது. அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டி 22க்கு 40 என்று தோற்றாலும் வர்த்தி எட்டுப் பந்துகளைப் பிடித்து 157 கெஜம் எடுத்தார். என் கருத்து இதுதான்: அணியிடம் நீளமாக வீசத் தெரிந்த ஆள் இருந்தால், முதல் சுற்றின் பின்பாதியில் வேகக்காரருக்கு முறையைச் செலவழிக்கலாம். முதல் பத்துக்குள் வேகத்தை மட்டும் நம்பி எடுப்பது வீண். கவசம் இல்லாமல் நேர்கோட்டில் ஓடிய நேரம், திரும்பித் திரும்பி ஓடுவதைப் பற்றியும் கையைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

இனி அந்தப் ‘பரந்த பெறுநர்’. பரந்திருப்பது ஆள் இல்லை, அவர் நிற்கும் இடம். அணி கூட்டமாக நிற்கும்போது இவர் விலகிப் போய்ப் பக்கக்கோட்டுக்கு அருகே நிற்பார். பெறுநர் என்பதோ கடிதத்தில் அனுப்புநருக்கு எதிரே எழுதுவது. பறந்து வரும் பந்தை இரண்டு ஆட்களுக்கு நடுவே எம்பிப் பிடிக்கிறவரைத் தபால் வாங்குகிறவராக ஆக்கிவிட்டார்கள். ‘ஓரப் பிடிப்பாளர்’ என்று ஒருவர் சொன்னார். இடம் சரி, ஆனால் கபடி பார்த்த நமக்குப் பிடிப்பவர் என்றால் ஆளைப் பிடிப்பவர், இந்த ஆட்டத்திலும் ஆளைப் பிடித்துச் சாய்க்கிறவர்கள் எதிரே நிற்கிறார்கள். அதனால் ‘ஓரப் பந்துபிடிப்பாளர்’ என்றே முழுசாக எழுதலாம். நீளம்தான். முதல் தடவை முழுசாக, அப்புறம் பந்துபிடிப்பாளர் என்று போனால் போதும். ஓரத்தில் நிற்காமல் உள்ளே தள்ளி நிற்பவரை ‘உள் பந்துபிடிப்பாளர்’ எனலாம்.

ஏழு சுற்றிலும் பெயர் வராதவரை என்ன சொல்வது? ‘வரைவு செய்யப்படாத இலவச முகவர்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு சுற்றுகிறது. அவர் முகவரும் இல்லை, இலவசமும் இல்லை. யாரோடும் ஒப்பந்தம் பேசும் உரிமை உள்ளவர். ‘முறைத்தெரிவில் வராதவர்’ என்று எழுதினால் போதும். 2004இல் அப்படி வராமல் போனவர்களில் ஒருவர் வெஸ் வெல்கர். பிறகு ஒரே பருவத்தில் நூறு பந்துகளுக்கு மேல் பிடித்ததை ஐந்து முறை செய்து காட்டினார்.