மூன்று மாதச் சராசரி மட்டும் போதுமா? இன்சுலின் போடும் குழந்தைகளின் சர்க்கரைக் கட்டுப்பாடும் பாதுகாப்பும்

முதல் வகை நீரிழிவுள்ள குழந்தையை அழைத்து வரும் பெற்றோர் முதலில் என்னிடம் நீட்டுவது ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவைத்தான். ஒன்பதில் இருந்தது ஏழுக்கு இறங்கியிருந்தால் அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதி நியாயமானது. ஆனால் அந்த எண் எந்த வழியாக ஏழுக்கு வந்தது என்பதைப் பார்க்காமல் நான் அதைப் பாராட்டுவதில்லை.

ஹெச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. 7 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154 மி.கி. பெரும்பாலும் 90க்கும் 210க்கும் இடையில் இருக்கும் குழந்தைக்கும், விடியற்காலையில் 45க்கு விழுந்து பள்ளி விட்டு வரும்போது 300ஐத் தொடும் குழந்தைக்கும் அதே 7 வரலாம். இரண்டாவது குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்பதை ஆய்வகத் தாள் சொல்லாது.

சர்க்கரையை இயல்பு அளவுக்கு நெருக்கமாக வைக்க முயலும் தீவிர இன்சுலின் சிகிச்சையால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்புகள் வெகுவாகக் குறையும் என்பதை 1993இல் வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வு நிறுவியது. இன்றைய சிகிச்சைக்கு அதுவே அடித்தளம். அதே ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்றவர்களிடையே கடுமையான தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அதில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் எவரும் சேர்க்கப்படவில்லை என்பதும் குழந்தை மருத்துவர்கள் மறக்கக் கூடாத செய்தி. அன்றைக்கு இருந்ததைவிட நல்ல இன்சுலின்களும் கருவிகளும் இன்று வந்துவிட்டதால் அந்த ஆபத்து பெரிதும் குறைந்திருக்கிறது; ஆயினும் குறைந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியாக அளந்துதான் அறிய முடியும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு ‘எனக்கு லோ ஆகிறது’ என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாத சிணுங்கல், வெளிறிய முகம், வியர்வையில் நனைந்த தலையணை, எழுந்ததும் தலைவலி என்றுதான் அது வெளிப்படும். அடிக்கடி தாழ்சர்க்கரைக்கு ஆளாகும் வளர்ந்த பிள்ளைகளுக்கோ நடுக்கம், படபடப்பு போன்ற எச்சரிக்கை அறிகுறிகளே மங்கிவிடுகின்றன. ‘50 இருந்தும் இவன் நன்றாகத்தான் விளையாடினான்’ என்று ஒரு தாய் பெருமையாகச் சொல்லும்போது எனக்குக் கவலைதான் வரும். சில வாரங்கள் தாழ்வே வராமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு ஓரளவு திரும்பும் என்பது ஆறுதல். மாலையில் ஓடி விளையாடிய நாளின் இரவில், பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம்.

உடலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் கிடைத்தால் இந்த ஏற்ற இறக்கத்தை நேரடியாகப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் சர்வதேசப் பரிந்துரைப்படி, நாளின் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம், அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம், சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும். 70க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், அதாவது ஒரு மணி நேரத்துக்குள். 54க்குக் கீழே 1 சதவீதத்துக்குள், அதாவது கால் மணி நேரத்துக்குள். அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது இந்தக் கடைசி இரண்டு வரிகளைத்தான். சென்சாருக்கும் குறைகள் உண்டு. வேகமாக ஏறி இறங்கும்போது அது சில நிமிடங்கள் பின்தங்கும். சென்சார் ஒட்டிய கையை அழுத்திக் குழந்தை படுத்திருந்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அறிகுறியும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விரல் நுனியில் குத்திப் பார்ப்பதே சரி.

சென்சார் வாங்க இயலாத குடும்பங்களே இங்கு அதிகம். அவர்களுக்கு குளுக்கோமீட்டரே போதிய அளவு சொல்லும், சரியான நேரங்களில் பார்த்தால். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பது போதாது; ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கப்போகும் முன்பும் பார்க்க வேண்டும். இன்சுலின் அளவை மாற்றிய நாட்களிலும் அதிகம் விளையாடிய நாட்களிலும் அதிகாலை 3 மணிக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டுவது பெரும் ஆபத்து.

சர்க்கரை எண்களைக் குறித்து வைக்கும் நோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 110, 120, 130 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகவே நிறைந்த பக்கங்களைப் பார்த்தால், மீட்டரின் நினைவகத்தைத் திறந்து ஒப்பிடுகிறேன். 280 என்று எழுதினால் திட்டு விழும் வீட்டில் பிள்ளை 140 என்றுதான் எழுதும். அந்தப் பொய்யை நம்பி மருத்துவர் அளவை நிர்ணயிக்கும்போது குழந்தைக்குத்தான் கேடு. எண் எதுவானாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தசோகை இன்னொரு பொறி. இரும்புச்சத்துக் குறைவால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்களிலும், ரத்தம் ஏற்றிய பிறகும் அதை நம்ப முடியாது. வளரிளம் பெண்களிடம் சோகை பரவலாக உள்ளதால், மீட்டர் எண்கள் நன்றாக இருந்தும் ஹெச்பிஏ1சி மட்டும் உயர்ந்திருந்தால், இன்சுலினைக் கூட்டும் முன் ஹீமோகுளோபினைப் பார்ப்பது என் வழக்கம்.

ஒவ்வொரு வருகையிலும் நான் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: சென்ற முறை வந்துபோன பிறகு, குழந்தை மயங்கியோ, வலிப்பு வந்தோ, சுயநினைவு குழம்பியோ பிறர் உதவியால் மீண்ட நிகழ்வு ஏதேனும் நடந்ததா? ஒருமுறை நடந்திருந்தாலும், ஹெச்பிஏ1சி எவ்வளவு அழகாக இருந்தாலும், அன்றைக்கு இலக்கைத் தளர்த்தி, இன்சுலின் அளவையும் ஊசி போடும் இடங்களையும் இரவு உணவையும் முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்குகிறோம்.