எடையைப் பார்க்காதீர்கள், முள்ளைப் பாருங்கள்

"டிசம்பரில் கேதார்காந்தா போகிறேன். இருப்பதிலேயே இலேசான கிராம்பான் எது?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். பனியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் முள் சட்டம்தான் கிராம்பான்.

உத்தராகண்டில் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்தச் சிகரம். பலர் மிதித்து இறுகிப்போன பாதை, விடியும் முன் கண்ணாடியாக இருக்கும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் உறைநிலைக்குக் கீழேயும் நீர் போன்ற மெல்லிய ஏடு ஒன்று உண்டு. மைக்கேல் ஃபாரடே 1850லேயே ஊகித்த விஷயம் இது. ரப்பர் அடிப்பாகம் எவ்வளவு நல்லதானாலும் அந்த ஏட்டின் மேல் பிடிக்காது.

கிராம்பான் உராய்வை நம்பி வேலை செய்வதில்லை. துளைத்து உள்ளே போகிறது. பையோடு சேர்த்து நீங்கள் 75 கிலோ என்றால், காலில் இறங்கும் விசை ஏறக்குறைய 750 நியூட்டன். ஷூவின் அடி 150 சதுர செ.மீ. பதிந்தால் ஒரு சதுர செ.மீட்டருக்கு 5 நியூட்டன்தான். பனிக்கட்டி நொறுங்க ஒரு சதுர செ.மீட்டருக்குச் சில நூறு நியூட்டன் வேண்டும். அதே எடை பத்து முட்களில், முனைக்கு 2 சதுர மி.மீ. வீதம் இறங்கினால் சதுர செ.மீட்டருக்கு 3,750 நியூட்டன்! முனை நொறுக்கிக்கொண்டு இறங்கும். இறங்க இறங்க முள் தடிக்கிறது, அழுத்தம் குறைகிறது, அழுத்தமும் பனிக்கட்டியின் வலுவும் சமமாகும் ஆழத்தில் தானே நிற்கிறது. பிறகு கால் பக்கவாட்டில் நகர, முள்ளைச் சுற்றிய பனிச்சுவரே உடைய வேண்டும். மேலே இருக்கும் நீர் ஏட்டுக்கு இதில் வேலையே இல்லை.

நம் ஊர்க் கோயில்களில் ஆணிச் செருப்பில் ஏறி நின்று குறி சொல்கிறார்களே, அது இதே கணக்கின் மறுபக்கம். ஆணிகள் நெருக்கமாக இருந்தால் எடை பங்கிடப்பட்டுவிடும், பாதம் தப்பிக்கும். அருளுக்கு அங்கே பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிராம்பானில் முட்கள் அதிகம் என்று கடைக்காரர் பெருமைப்பட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முனை 5 மி.மீ. அகலத்துக்கு மழுங்கினால் அந்த 3,750 என்பது 400க்கும் கீழே வந்துவிடும். அலுமினியத்தில் எனக்குத் தயக்கம் இதனால்தான். ஜோடி 500-600 கிராம்தான், எஃகு 800-900. ஆனால் பாறை தலைகாட்டும் பாதையில் அலுமினிய முனை சீக்கிரம் தேயும். பனி மட்டுமே உள்ள இடத்துக்கு அது சரி.

ரப்பர் வளையத்தோடு மாட்டும் மைக்ரோஸ்பைக் ஜோடி 400 கிராம்கூட வராது. முள் ஒரு செ.மீ. வழக்கமான மலையேற்றப் பாதைக்கு இதுவே போதும். சரிவு 25 டிகிரியைத் தாண்டி, குறுக்காக நடக்கும்போது ரப்பர் இழுபட்டு ஷூ பக்கவாட்டில் நழுவும். அங்கே 2-3 செ.மீ. முள்ளும் வார்ப்பட்டையும் உள்ள பத்து முள் எஃகு கிராம்பான் வேண்டும்.

சாதாரண ட்ரெக்கிங் ஷூ வளையும். அதனால் கிராம்பானின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நடுப்பட்டையும் வளைய வேண்டும்; இல்லாவிட்டால் முன்பகுதி கழன்றுவிடும் அல்லது பட்டை விரிசல் விடும். ஷூ விளிம்பில் உள்ள வெட்டில் கம்பியை மாட்டும் வகை, அந்த வெட்டில்லாத ஷூவில் நிற்கவே நிற்காது.

கிராம்பானின் நீளத்தை வீட்டிலேயே சரிசெய்யுங்கள். வாரைக் கட்டாமல் ஷூவைத் தூக்கி உதறினாலும் கிராம்பான் விழக்கூடாது. பக்கிள் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் அடுத்த காலின் முள் அதில் மாட்டும். மதியத்தில் ஈரப்பனி அடியில் கட்டியாக ஒட்டி முட்களை மூடிவிடும். அடியில் ரப்பர் தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்படியும் ஒட்டினால் கம்பால் தட்டிவிடுங்கள்.

மழுங்கிய எஃகு முள்ளைக் கை அரத்தால் தீட்டலாம். கிரைண்டரில் பிடித்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.