ஓடும்போதே விழுந்தானா, நின்றபிறகு விழுந்தானா?

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால், மரதன் ஓடி மயங்கிய பிள்ளைகள் எங்கள் இதய நோய் கிளினிக்குக்கு வரத் தொடங்குவார்கள். "காலையில ஒண்டும் சாப்பிடாமப் போனவன் டொக்டர், அதுதான்" என்பார் தாய். பெரும்பாலும் அவர் சொல்வது சரி. ஆனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஓட்டம் முடிந்து நின்றபிறகு விழுந்தானா, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தானா?

நின்றபிறகு வரும் மயக்கம் அநேகமாகக் கால்களில் இரத்தம் தேங்கி அழுத்தம் இறங்குவதால் வருவது. ஓட்டத்தின் நடுவே விழுந்தால் அப்படி விட முடியாது. ஈ.சி.ஜி.யும் எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) எடுத்துப் பார்க்கும்வரை அந்தப் பிள்ளை மைதானத்தில் இறங்கக் கூடாது.

இங்கே விளையாட்டை வளர்த்த வெபர் அடிகளார் பெயரில் மைதானம் வைத்திருக்கும், கூடைப்பந்தாட்டத்தை நேசிக்கும் ஊர் மட்டக்களப்பு. அதனால் ஹேங்க் கேதர்ஸை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் நட்சத்திரம் அவர். 1989 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். இதயத் துடிப்பில் கோளாறு இருப்பது தெரிந்து மருந்து கொடுத்தார்கள். மருந்து ஆட்டத்தை மந்தமாக்குகிறது என்று அவர் உணர்ந்ததால் அளவு குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4ஆம் திகதி மறுபடி விழுந்தவர் பிழைக்கவில்லை. வயது 23.

கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோவை நம் உதைபந்தாட்ட ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2003 ஜூன் 26, லியோன் நகரில் கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டம். 72ஆம் நிமிடத்தில், யாரும் மோதாமலே, மைய வட்டத்தில் சரிந்தார். 28 வயது. இதயத் தசை தடித்துப்போகும் நோய் அவருக்கு இருந்தது பிரேத பரிசோதனையில்தான் தெரிந்தது. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆகவேதான் குடும்பக் கதையையும் கேட்கிறேன். அம்மம்மா கூட வந்திருந்தால் நல்லது, அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். தூக்கத்திலேயே போன இளவயது மாமா, நன்றாக நீந்தத் தெரிந்தும் வாவியில் மூழ்கிய சித்தப்பா: இப்படி ஒருவர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சில இதயத் துடிப்புக் கோளாறுகள் நீந்தும்போதுதான் தலைகாட்டும். அப்புறம், டெங்கோ வேறு வைரஸ் காய்ச்சலோ வந்து தேறியவர்கள் உடனே பயிற்சிக்கு ஓட வேண்டாம். இதயத் தசையிலும் அழற்சி இருக்கலாம்.

இத்தனை பார்த்தும் ஒருவர் விழலாம். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்தபோது மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். 2024 யூரோ கிண்ணத்தில் அவர் கோல் அடித்தார்.

இங்கே நான் கேள்விப்படுவது வேறு. முகத்தில் தண்ணீர், வாயில் சோடா. கைகால் வெட்டி இழுத்தால் வலிப்பு என்று கையில் திறப்பைத் திணிக்கிறார்கள். இதயம் நின்ற முதல் நிமிடத்தில் உடல் அப்படி வெட்டலாம். விட்டுவிட்டு 'ஹக்' என்று வாயால் இழுக்கவும் செய்யும். அதை மூச்சு என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். கூப்பிட்டால் அசைவில்லை, சீரான மூச்சில்லை என்றால் ஒருவர் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தட்டும். களைத்தால் ஆள் மாறலாம், அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

அதிபர்களே, கழகத் தலைவர்களே, மரதனுக்குத் திகதி குறிக்கும்போதே இந்தப் பயிற்சிக்கும் ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் கேளுங்கள், கற்றுத்தர ஆள் வருவார்கள்.